கோரை எடுக்க வந்தவர்கள் புல்தரையையே கருக்கிவிட்டார்கள்: ரூ.14,500 போயிற்று

காரைக்குடி அருகே எங்கள் வீட்டு முகப்புக்கு எதிரே அறுநூறு சதுர அடியில் கொரியன் புல் வளர்த்திருந்தோம். அதில் நாலைந்து இடங்களில் கோரைக் களை திட்டுத் திட்டாகக் கிளம்பியதால், தோட்ட வேலைக்கு ஆள் அனுப்பும் ஓர் இணையச் சேவையை நம்பி ரூ.14,500 கட்டி ஏமாந்தேன். பணம் திரும்ப வராது என்பது நேற்று மாலைதான் உறுதியாயிற்று.

நான் நம்பியதற்குக் காரணம் உண்டு. பார்வையிட வந்தவர் ஒரு கோரையைப் பிடுங்கி, தண்டை விரல்களுக்கிடையே உருட்டச் சொல்லி, "முக்கோணமா இருக்கு பாருங்க ஆச்சி, இது புல்லே இல்லை" என்றார். பிறகு செம்மண்ணைச் சாண் ஆழம் கிளறி, சரம்போல் வந்த கிழங்குகளில் ஒன்றை நகத்தால் கீறி நீட்டினார். நலங்கு மாவு வாசனை அடித்தது. இவ்வளவு தெரிந்தவரா ஏமாற்றப் போகிறார் என்று, நின்ற இடத்திலேயே ரூ.14,500-ஐக் கைப்பேசியில் அனுப்பிவிட்டேன். கிழங்கோடு தோண்டியெடுத்து, அந்த இடங்களில் புதுப் புல் பதிப்பதாகத்தான் பேச்சு.

மூன்றாம் நாள் வந்த இரண்டு பையன்களிடம் மண்வெட்டியே இல்லை. லேபிள் கிழிந்த கேனிலிருந்து எதையோ தண்ணீரில் கலந்து தரை முழுவதும் தெளித்து, "கோரை மட்டும்தான் சாகும் ஆச்சி" என்று அரை மணி நேரத்தில் கிளம்பிவிட்டார்கள். பத்தாம் நாள் கொரியன் புல் முழுவதும் வைக்கோலாயிற்று. அடுத்த சில வாரங்களில் அந்த வைக்கோலுக்கு நடுவே கோரை மட்டும் பச்சைப் பசேலென்று தலைகாட்டியது. அவர் எனக்குக் காட்டிய அதே கிழங்குகள்தாம்! கண்ட பச்சையையெல்லாம் வாட்டும் மருந்துக்கும் மண்ணுக்குள் உறங்கும் கிழங்கு தப்பிவிடும் என்று வேளாண்மை படித்த அக்காள் மகன் விளக்கினான். தெளித்தது கிளைபோசேட் என்ற களைக்கொல்லி என்றால், மத்திய அரசின் 2022 அறிவிக்கைப்படி பூச்சிக் கட்டுப்பாட்டுப் பணியாளர்கள் தவிர வேறெவரும் அதைத் தொடக்கூடாதாம்.

என்ன மருந்து என்று அந்தச் சேவைக்காரர்களிடம் எத்தனையோ முறை கேட்டும் பதில் இல்லை. முதலில் வெயில் அதிகம் என்றார்கள். பிறகு நான் தண்ணீர் சரியாக விடவில்லை என்றார்கள். அப்புறம் "சார் லீவு" என்றார்கள். நேற்றுப் பேசிய பெண், வேலை முடிந்ததாகக் கணக்கில் பதிவாகியிருப்பதால் ரூ.14,500-இல் ஒரு ரூபாயும் திரும்பாது என்று கூறி, சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்றும் கேட்டாள்.

கோரையை ஒழிப்பது எப்படி என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். அதற்கு இப்போது பொறுமையில்லை. முழுப் பணத்தையும் முன்னால் கொடுக்காதீர்கள். லேபிள் இல்லாத கேனை வாசலுக்குள் விடாதீர்கள். கோரையை ஈர மண்ணில் கிழங்கோடு தோண்டுங்கள், மேலே அறுத்தால் மறுபடி வரும். நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் புகார் சொல்லியிருக்கிறேன்.