லட்சத்தீவா, மாலத்தீவா: ஐந்து இரவு அமைதிக்கு எது?

ஐந்து இரவு விடுப்பு. எங்காவது ஒரு பவளத்தீவில் போய்ச் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை. இந்த ஆசைக்காக இரண்டு இடங்களுக்குப் போய்வந்துவிட்டோம். முதலில் மாலத்தீவு, தெற்கு ஆரி அட்டோலில், அதாவது வளையமாய் அமைந்த பவளத்தீவுக் கூட்டத்தில், உள்ள திகுரா. அடுத்தது லட்சத்தீவு, விமானம் இறங்கும் அகத்தித் தீவு வழியாகப் பங்காரம் என்ற குட்டித் தீவு. மறுபடி போவதென்றால் எங்கே என்று கேட்டால் நானும் மனைவியும் ஒரே குரலில் பங்காரம் என்போம். அதற்குக் காரணம் கடலின் அழகு இல்லை.

அழகில் இரண்டுக்கும் நடுவே வித்தியாசம் தேடுவது வீண். லட்சத்தீவு, மாலத்தீவு, அதற்கும் தெற்கே சாகோஸ் தீவுகள், மூன்றும் கடலடியில் ஒரே முகட்டின் மேல் வளர்ந்தவை. லட்சத்தீவின் தென்கோடியான மினிக்காயில் பேசுவதே மாலத்தீவின் திவேகி மொழியின் ஒரு வடிவம்தான். அட்டோல் என்ற சொல்லும் அந்த மொழியிலிருந்து உலகத்துக்குப் போனது. கடல் சூடேறிப் பவளம் வெளுத்துப்போன 1998, 2016 ஆகிய ஆண்டுகளில் இரண்டு பக்கமும் அடிபட்டன. லகூன் எனப்படும், பவளத்திட்டுக்கு உட்பக்கக் கடலின் தண்ணீர் நிறத்தைப் பார்த்து இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

மற்ற விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மது வேண்டும் என்றால் மாலத்தீவில் ரிசார்ட் தீவுக்குத்தான் போக வேண்டும், மக்கள் வாழும் தீவுகளில் அனுமதி இல்லை. லட்சத்தீவில் பங்காரம் தவிர எங்கும் மதுவிலக்கு. உடை விஷயத்தில் இரண்டு இடத்திலும் ஊருக்குள் கொஞ்சம் அடக்கம் வேண்டும். விருந்தினர் இல்லங்களின் எண்ணிக்கையிலும் அறை வசதியிலும் மாலத்தீவு வெகுதூரம் முன்னால் இருக்கிறது, இதில் வாதமே இல்லை.

எங்களுக்கு எல்லாவற்றையும் தீர்மானித்தது ஒரே கணக்கு. ஐந்து இரவில் எத்தனை இரவு உண்மையில் தீவில் கழிகிறது?

மாலத்தீவுக்குள் நுழைவது மிகச் சுலபம். விசா அங்கே இறங்கியதும் இலவசமாகக் கிடைக்கிறது. பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் இமுகா என்ற இணையப் படிவத்தை நிரப்பினால் போதும். அலைச்சல் அதற்கு அப்புறம்தான் ஆரம்பிக்கிறது. மாலே விமான நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள தீவுகளில் கூட்டம் அதிகம். அமைதி வேண்டும் என்றால் தள்ளிப் போக வேண்டும், தள்ளிப் போகப் போக நேரம் கரையும். திகுராவுக்கு ஸ்பீடுபோட்டில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். எங்கள் விமானம் தாமதமானதில் மாலைப் படகு போய்விட்டது. முதல் இரவு விமான நிலையத்துக்குப் பக்கத்து ஹுல்ஹுமாலேயில், ஜன்னலுக்கு வெளியே கட்டுமான வேலைச் சத்தத்தோடு போயிற்று. திரும்பும் விமானம் காலையில் என்பதால் முந்தின நாளே தீவைவிட்டுக் கிளம்ப வேண்டியிருந்தது. ஐந்தில் மிஞ்சியது மூன்று இரவு. கடல் விமானம் பிடிக்கலாமே என்று தோன்றும். அது பகல் வெளிச்சத்தில் மட்டும்தான் பறக்கும், மாலைக்குமேல் வந்திறங்குகிறவர் மறுநாள் காலைவரை காத்திருக்கத்தான் வேண்டும். விலை மலிவான பொதுப் படகுகளோ வெள்ளிக்கிழமைகளில் பெரும்பாலும் ஓடுவதில்லை.

லட்சத்தீவில் இது அப்படியே தலைகீழ். உள்ளே நுழைவதுதான் பாடு. இந்தியர்களுக்கும் நுழைவு அனுமதி கட்டாயம், 1967ஆம் ஆண்டு விதிகளின்படி. எங்களிடம் அடையாளச் சான்று, புகைப்படம், காவல் நிலையத்தில் வாங்கிய நற்சான்று எல்லாம் கேட்டார்கள். தங்குமிடம் ஏற்பாடு செய்தவர்களே விண்ணப்பத்தையும் கவனித்துக்கொண்டார்கள், இருந்தும் கைக்கு வர மூன்று வாரம் ஆனது. அகத்தியின் ஓடுபாதை சுமார் 1,200 மீட்டர்தான். சிறிய ஏடிஆர் ரக விமானங்களே இறங்க முடியும் என்பதால் சீட்டுகள் குறைவு. அனுமதி வரட்டும் என்று காத்திருந்தால் சீட்டு போய்விடும். சீட்டை முதலில் வாங்கினால் அனுமதி வராமல் போய்விடுமோ என்ற பயம். நாங்கள் தேதி மாற்றிக்கொள்ளக்கூடிய சீட்டாக, கொஞ்சம் கூடுதல் விலைக்கு, முதலிலேயே வாங்கிவிட்டோம்.

ஆனால் இந்தப் பாடெல்லாம் வீட்டில் இருக்கும்போதே முடிந்துவிடுகிறது. விடுப்பு நாளில் ஒரு மணி நேரத்தைக்கூட அது தின்பதில்லை. கொச்சியிலிருந்து காலை விமானம், சுமார் ஒன்றரை மணி நேரத்தில் அகத்தி. அங்கே ஊர் தாண்டிப் படகு ஏறினால் அன்று மதியமே பங்காரம். நாலு இரவு பங்காரத்தில், ஒரு இரவு அகத்தியில். ஐந்தும் தீவில்தான். அலைச்சலை விடுப்புக்கு முன்பே செலவழிப்பதா, விடுப்புக்குள் செலவழிப்பதா என்பதுதான் கேள்வி. நாள் அதிகம் இருந்தால் இது பெரிய விஷயமே இல்லை. ஐந்தே இரவு என்றால் இதைவிடப் பெரிய விஷயம் வேறில்லை.

கடைசி இரவை அகத்தியில் வைத்ததை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பங்காரத்துக்கும் அகத்திக்கும் நடுவே திறந்த கடல் இருக்கிறது. விமானம் பிடிக்க வேண்டிய நாள் காலையில் காற்று கிளம்பினால் படகுக்காரர் எடுக்க மாட்டார், எடுக்கவும் கூடாது. அந்த ஒரு இரவைப் பங்காரத்திலேயே கழிக்கத் தோன்றும். அந்த ஆசைக்கு இடம் கொடுக்காதீர்கள். கொச்சியிலிருந்து வீட்டுக்குப் போகும் ரயிலையும் அன்றைக்கே வைக்க வேண்டாம்.

அமைதி பற்றி. பங்காரத்தில் ஊர் கிடையாது. தங்கவந்தவர்கள், வேலை செய்கிறவர்கள், தென்னை, நடுவே ஒரு உவர்நீர்க் குளம், அவ்வளவுதான். கடல் வற்றும் நேரத்தில் லகூன் அசையாமல் கிடக்கும்போது தூரத்தில் பவளத்திட்டின் விளிம்பில் அலை உடைகிற சத்தம் மட்டும் ஓயாமல் வந்துகொண்டிருக்கும். முதல் இரவு அதைக் கேட்டுக்கொண்டே வெகுநேரம் விழித்திருந்தோம். திகுராவும் நல்ல ஊர், நீளமான தீவு, தென்கோடிக்கு நடந்துபோனால் யாரும் இல்லை. ஆனால் அறைக்குத் திரும்பினால் மோட்டார் சைக்கிள், துறைமுகம், டீசல் மின்நிலையத்தின் உறுமல். மாலத்தீவில் மக்கள் வாழும் எந்தத் தீவில் தங்குவதாக இருந்தாலும், மின்நிலையமும் துறைமுகமும் அறையிலிருந்து எவ்வளவு தூரம் என்று முதலில் கேளுங்கள். கடல் தெரியுமா என்பதை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.

சரி, மாலத்தீவை யார் தேர்ந்தெடுக்கலாம்? பத்து நாள் இருப்பவர்கள். அடுத்த வாரமே கிளம்ப வேண்டியவர்கள். திமிங்கிலச் சுறாவைப் பார்த்தே தீர வேண்டும் என்பவர்கள், ஏனென்றால் தெற்கு ஆரியில் அது வருடம் முழுக்க உண்டு. செலவைக் கணக்கிடும்போது வரிகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2025 ஜனவரி முதல், 50 அறை வரையுள்ள விருந்தினர் இல்லத்தில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 6 டாலர் பசுமை வரி, ரிசார்ட்டில் 12 டாலர். வெளியேறும்போது சாதாரண வகுப்புப் பயணிக்குப் புறப்பாட்டு வரி 50 டாலர், விமான நிலைய மேம்பாட்டுக் கட்டணம் இன்னொரு 50 டாலர், இவற்றைப் பெரும்பாலும் விமானச் சீட்டிலேயே சேர்த்துவிடுகிறார்கள்.

நாங்கள் பங்காரத்துக்குப் போனது பிப்ரவரியில், கடல் அடங்கியிருந்த மாதம். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும்போது என் கணக்கு எவ்வளவு செல்லும் என்று அனுபவத்தில் சொல்ல முடியாது. அப்போது நான் போக மாட்டேன். மனைவிக்கு இப்போது மினிக்காய் மேல் கண். 1885இல் கட்டிய கலங்கரை விளக்கத்தின் படத்தை அகத்தியில் யாரோ காட்டினார்கள், அன்றிலிருந்து. அங்கே விமானம் இறங்காது, கொச்சியிலிருந்து கப்பலில்தான் போக வேண்டும், எத்தனை நாள் தங்குவது என்பதைக் கப்பலின் கால அட்டவணைதான் முடிவுசெய்யும். ஐந்து இரவுக்குள் அது அடங்காது. விடுப்பைச் சேர்த்து வைத்துக்கொண்டிருக்கிறோம்.