கிளிப் மேக்ரோ லென்ஸும் அரை மில்லிமீட்டர் குளவியும்

போனில் மாட்டும் கிளிப் மேக்ரோ லென்ஸ் பாதி விலைக்கு வந்துவிட்டதாம். மற்ற பூச்சிகளின் முட்டையிலும் புழுவிலும் வளரும் ஒட்டுண்ணிக் குளவிகளை அடையாளம் காண அது போதுமா என்று நண்பர் கேட்டிருக்கிறார். வருடக்கணக்கில் அதோடு மல்லுக்கட்டுகிறவன் என்பதால் எழுதுகிறேன்.

லென்ஸின் கண்ணாடியில் குறையே சொல்ல மாட்டேன். பிராக்கிமீரியா என்ற குளவி போன்ற ஐந்து மில்லிமீட்டர் ஆசாமி என்றால், புடைத்த பின்தொடையும் அதன் அடியில் இருக்கும் பல்வரிசையும் முதல் படத்திலேயே விழுந்துவிடும்.

வம்பு ஒரு மில்லிமீட்டருக்குக் கீழேதான். கரும்பில் இடைக்கணுப்புழுவை அடக்கக் கட்டும், ட்ரைக்கோகிரம்மா குளவி வளரும் முட்டைகளை ஒட்டிய அட்டையிலிருந்து வருவது அரை மில்லிமீட்டர் குளவி. பாதத்தில் மூன்றே கணு, இறக்கையில் வரிசைகட்டிய நுண்முடி, இவைதான் அடையாளம். நான்கு கணு என்றால் யூலோஃபிடே என்ற வேறு குளவிக் குடும்பத்தின் பக்கம் தேட வேண்டும். முடிவரிசை திரையில் மங்கலாகவாவது தெரிகிறது. பட்டனை அழுத்தியதும் போனின் மென்பொருள் அதை அழுக்கென்று நினைத்துத் துடைத்து, இறக்கையைப் பளிங்குத் தரையாக்கிக் கொடுக்கிறது! அதோடு விடுகிறதா? கூர்மையாக்குகிறேன் பேர்வழி என்று உணர்கொம்பில் இல்லாத கோடுகளையும் போட்டுவைக்கிறது. கணு எண்ணுகிறவனுக்கு இதைவிடத் துரோகம் வேண்டுமா? மென்பொருள் கைவைக்காத ரா கோப்பாக எடுத்தால் ஓரளவு தப்பிக்கலாம், அப்புறம் ஒவ்வொரு படத்துக்கும் கணினி முன்னால் உட்கார வேண்டும்.

எதிர்பாராமல் கிடைத்த உத்தி, குளவிக்கு அடியில் கருப்பு அட்டை வைப்பது. வெள்ளைத் தாளில் நிறமே இல்லாத இறக்கை, கருப்பின்மேல் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் மயில்கழுத்துப் பச்சையும் ஊதாவுமாக எழுகிறது. சவ்வின் தடிப்பு இடத்துக்கிடம் மாறுவதால் வரும் நிறம் அது. அந்தக் கோலம் இனத்துக்கு இனம் வேறுபடுவதை 2011இல் ஆய்வாகவே வெளியிட்டார்கள். இதற்காகவே லென்ஸ் வாங்கலாம்.

இனப்பெயர்வரை போக ஆசைப்பட்டால், ட்ரைக்கோகிரம்மாவில் ஆணின் பிறப்புறுப்பை ஸ்லைடில் ஏற்றிப் பார்க்க வேண்டும். படம் உதவாது. அதைவிட, குளவி எதிலிருந்து வந்தது என்ற குறிப்பு பல நேரம் பயன்படும். பப்பாளி மாவுப்பூச்சியின் மம்மியை, அதாவது உள்ளே குளவி வளர்ந்து செத்து இறுகிய கூட்டை, துளைத்துக்கொண்டு மஞ்சளாக ஒரு பொடிக் குளவி வந்தால், அந்த மாவுப்பூச்சியை அடக்க 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து இந்தியாவுக்குத் தருவித்த அசெரோஃபேகஸ் பப்பாயே குளவியை முதலில் சந்தேகிக்கலாம்.

நான்கு நட்சத்திரம் தரலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். நேற்று மாலை எடுத்த படங்களைத் திறந்தால், ஒன்றிலும் இறக்கை முடி இல்லை. இரண்டு நட்சத்திரம். பாதி விலைக்கும் வேண்டாம், நுண்ணோக்கிக்குச் சேர்த்துவையுங்கள். லென்ஸ் பாவம், அதன்மேல் தப்பில்லை என்று தெரியும். இருந்தாலும் இரண்டுதான்.