முதல் ஸ்கேனா, நடு வார்ப்பா?

ஒரே ஆளுக்கு மூன்று முறை மூளை எம்.ஆர்.ஐ. எடுத்தாயிற்று. இடையில் மூளை மாறியதா என்று பார்க்க, படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் சரியாகப் பொருத்த வேண்டும். எதோடு எதைப் பொருத்துவது?

முதல் ஸ்கேனோடு மற்றவற்றைப் பொருத்துவது சுலபம்: மூன்று நகர்வு, மூன்று சுழற்சி, ஆக 6 அளவுகளைக் கண்டுபிடித்தால் போதும். வேலூர் வெயிலில் மின்விசிறியோடு கணினியும் இரையும் சத்துவாச்சாரி அறையில் நானும் அப்படித்தான் தொடங்கினேன். சிக்கல் என்னவென்றால், முதல் படம் அப்படியே இருக்க, நகர்த்திய மற்றவை மட்டும் இடைக்கணிப்பில் (பக்கத்துப் புள்ளிகளிலிருந்து புது மதிப்பைக் கணிப்பதில்) லேசாக மழுங்கும். அதையே மூளை மாறிவிட்டதாக நம்பிவிடுவோம். முதல் நாள் ஆள் தலையை ஆட்டியிருந்தால், சரி, தொலைந்தது.

மூளைப் படங்களை அளக்கும் மென்பொருளான ஃப்ரீசர்ஃபரின் நீள்கால முறை எல்லா ஸ்கேன்களிலிருந்தும் ஒரு நடு வார்ப்பை, அதாவது பொதுவான ஒரு மாதிரிப் படத்தை, கட்டி எல்லாவற்றையும் அதோடு பொருத்துகிறது. எதற்கும் சலுகை இல்லை. நேரம்தான் இழுக்கும். அப்புறம், புது ஸ்கேன் சேர்ந்தால் வார்ப்பை மறுபடி கட்ட வேண்டும். மூளையின் வெளி அடுக்கான புறணியின் தடிமனை அளக்க நான் இதைத்தான் எடுப்பேன்.