மாடித்தோட்டப் பாத்தியில் மண்ணுக்குப் பதில் கட்டட இடிபாடு: 27,400 ரூபாய் போச்சு

நேற்று ராத்திரி ஒன்பது மணிக்கு மொட்டை மாடியில் செல்போன் டார்ச்சை வைத்துக்கொண்டு கத்தரிப் பாத்தியைத் தோண்டினேன். மேலே நாலு விரற்கடை மண். அதற்குக் கீழே செங்கல் துண்டு, சிமென்ட் கட்டி, ஓட்டுச்சில், யார் வீட்டுக் குளியலறையிலிருந்தோ வந்த நீலப்பூ போட்ட டைல்ஸின் ஒரு மூலை. இதற்குத்தான் 27,400 ரூபாய் கொடுத்திருக்கிறேன். கோபத்தோடு எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீடு தாம்பரம் தாண்டி. அப்பா போனபிறகு அம்மாவை ஊரிலிருந்து கூட்டிவந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. தஞ்சாவூர்ப் பக்கம் கொல்லையில் அவரையும் புடலையும் பந்தல் போட்டு வளர்த்தவருக்கு இங்கே டிவியை விட்டால் ஒன்றும் இல்லை. ஆடிப்பட்டத்துக்குள் மாடியில் நாலு பாத்தி போட்டுக் கொடுக்கலாம் என்று நினைத்தேன். மண் மூட்டை தூக்க என் இடுப்பு ஒத்துழைக்காது. சரியாக அந்த நேரம் பார்த்து முகநூலில் ஒரு விளம்பரம் வந்தது. பை, மண், நாற்று எல்லாம் கொண்டுவந்து மாடித்தோட்டம் அமைத்துத் தருகிறோம் என்கிற வகைச் சேவை. பெயர் வேண்டாம். ஒன்று போனால் இன்னொரு பெயரில் வருவார்கள்.

வந்தவன் கையில் மஞ்சள் பையில் மாதிரி மண் கொண்டுவந்திருந்தான். என்னிடம் பேசவே இல்லை, நேரே அம்மாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். "மோந்து பாருங்கம்மா." ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிடித்தான், உருண்டையாக நின்றது. விரலால் லேசாகத் தட்டினான், உதிர்ந்தது. "புட்டு மாவு பதம்மா. செம்மண் ஒரு பங்கு, தேங்காய் நார்க்கழிவு ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, கூட வேப்பம்புண்ணாக்கு. எங்க அம்மாவுக்குப் போடற மாதிரி போட்டுத் தரேன்." காய்கறிக்காரரின் தராசை எட்டிப் பார்த்து முள்ளைச் சரிபார்க்கிற என் அம்மா எழுந்துபோய் அவனுக்குச் சுக்குக் காப்பி போட்டுக் கொண்டுவந்தார். அந்த நிமிஷத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

நாலு பாத்தி ஆறானது. ஒவ்வொன்றும் நாலடி நீளம், இரண்டடி அகலம், ஓரடி ஆழம், இரும்பு ஸ்டாண்டின் மேல் எச்.டி.பி.இ. என்கிற கெட்டி பிளாஸ்டிக் பை. மொத்தம் 48 கன அடி மண். முன்பணம் 15,000, வேலை முடிந்ததும் 12,400. பணத்தை ஒரு தனிநபர் எண்ணுக்கு யு.பி.ஐ.யில் அனுப்பச் சொன்னான். "கம்பெனி அக்கவுண்ட்ல போட்டா ஜி.எஸ்.டி. சேரும் மேடம், உங்களுக்குத்தான் நஷ்டம்." வரியை மிச்சம் பிடித்த கெட்டிக்காரி நான். பில் என்று என்னிடம் இருப்பது 'எஸ்டிமேட்' என்று தலைப்பிட்டுப் பேனாவால் எழுதிய ஒரு தாள்.

மண் நிரப்பியது ஒரு புதன்கிழமை. நான் ஆபீஸில். அம்மாவுக்கு மூட்டுவலி, மாடிப்படி ஏற அரை மணி நேரம் ஆகும். அவர் ஏறி வந்தபோது ஆறு பாத்தியும் விளிம்புவரை நிரம்பி, மேலே கறுப்பாக, அழகாக, பூவாளியால் தண்ணீர் தெளித்து வைத்திருந்தார்கள். வாட்ஸ்அப்பில் படம் வந்தது. சாப்பாட்டு இடைவேளையில் 12,400 அனுப்பினேன், கூடவே கைகூப்பும் பொம்மையும்.

முதல் மூன்று வாரம் குறையே இல்லை. அரைக்கீரை தளதளவென்று வந்தது. இப்போதுதான் புரிகிறது, கீரைக்கு அந்த நாலு விரற்கடை போதும். கத்தரியும் வெண்டையும் வேரைக் கீழே விட்டதும் கதை மாறியது. புது இலையெல்லாம் மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. ஊற்றிய தண்ணீர் நிற்காமல் பைக்கு அடியில் பழுப்பாக ஓடியது.

போன் செய்தேன். "தண்ணி அதிகம் ஊத்தறீங்க மேடம்." குறைத்தேன், வாடியது. "தண்ணி பத்தல மேடம்." பழுப்புத் தண்ணீரைப் பற்றிக் கேட்டால் அது சத்து இறங்குகிறது என்று அர்த்தமாம். அடுத்த வாரம் படம் அனுப்பச் சொன்னார்கள், பதினோரு படம் அனுப்பினேன், நீல டிக் வந்தது, பதில் வரவில்லை. அப்புறம் ஒரு பெண் பேசினாள்: டெக்னிக்கல் டீம் வெள்ளிக்கிழமை வரும். நான் லீவு போட்டு உட்கார்ந்திருந்ததுதான் மிச்சம். திங்கட்கிழமை கூப்பிட்டால், இலையில் தெளிக்கிற நுண்ணூட்டக் கரைசல் ஒன்று 650 ரூபாய், வாங்கி அடித்துப் பாருங்கள் என்கிறாள்! கத்தினேன். உடனே அந்த மஞ்சள் பைக்காரன் போனை வாங்கி, "மேடம், வீட்ல சார் இருந்தா போனைக் கொடுங்க, அவர்கிட்ட எக்ஸ்பிளைன் பண்றேன்" என்றான். கடைசியாகச் சொன்னது: "மண்ணு உயிருள்ள பொருள் மேடம், அதுக்கு கேரண்டி கிடையாது." செங்கல்லுக்கு எப்போது உயிர் வந்தது?

தோண்டி எடுத்ததில் ஒரு பிடியைப் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் குலுக்கினேன். வைத்த மாத்திரத்தில் பாதி பாட்டில் மணலும் சில்லுமாக அடியில் உட்கார்ந்தது. ஒரு சிமென்ட் கட்டியின் மேல் வினிகர் விட்டேன், புஸ்ஸென்று நுரைத்தது. சுண்ணாம்பு. மண்ணில் சுண்ணாம்பு ஏறினால் செடியால் இரும்புச்சத்தை எடுக்க முடியாது, நரம்பு பச்சையாக இருக்க இலை மஞ்சளாவது அதனால்தான். நாங்கள் பாட்டுக்குத் தண்ணீரைக் கூட்டிக் குறைத்துக்கொண்டிருந்தோம்.

இன்னொரு சாட்சி அம்மாவின் அலமாரியில் இருந்தது. அவர் எந்த பிளாஸ்டிக் உறையையும் தூக்கிப்போட மாட்டார். நார்க்கழிவுக் கட்டி ஐந்து கிலோ ஊறினால் சுமார் 75 லிட்டர் வரும். 48 கன அடியில் மூன்றில் ஒரு பங்கு என்றால் ஏறக்குறைய 450 லிட்டர், ஆறு கட்டி வேண்டும். அம்மா கழுவி மடித்து வைத்திருந்த உறைகள் மூன்று.

காலையில் சித்தப்பா மகன் வந்தான், சிவில் இன்ஜினியர். செடியைப் பார்க்கவே இல்லை, கீழே போய் ஹால் கூரையைப் பார்த்தான். "அக்கா, ஆள் நடமாடற மொட்டை மாடிக்குச் சதுர மீட்டருக்கு 150 கிலோ கணக்கு வெச்சுதான் டிசைன் பண்ணுவாங்க. இடிபாடு நனைஞ்சா இந்தப் பாத்தி ஒண்ணே 350 கிலோவுக்குக் குறையாது." ஆறும் சேர்ந்தால் இரண்டு டன். அதைச் சுவரோரமாக, பீம் இருக்கிற வரிசையில் வைக்காமல் ஹாலுக்கு நேர் மேலே நடுவில் அடுக்கியிருக்கிறார்கள், படம் எடுக்க அங்கேதான் வெளிச்சம் நன்றாக இருக்குமாம். மண்ணில் ஏமாந்ததைவிட இதுதான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. 27,400 கொடுத்து வாங்கிய குப்பையைக் கீழே இறக்க இப்போது கூலி ஆள் தேடுகிறேன்.

மாடித்தோட்டம் போடுவது எப்படி என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், தெம்பு இல்லை. அவசரத்துக்கு இவ்வளவுதான். மண் நிரப்பும்போது யாராவது பக்கத்தில் நில்லுங்கள். நார்க்கழிவுக் கட்டியை எண்ணுங்கள், அதை இரண்டு மூன்று தடவை அலசி உப்பு போனபிறகுதான் கலக்க வேண்டும், அலசாமல் கொட்டினால் இலை ஓரம் கருகும். மீதிப் பணம் கொடுக்குமுன் ஒரு கம்பியைப் பாத்தியின் அடிவரை குத்திப் பாருங்கள், கடக் என்று நின்றால் கொடுக்காதீர்கள். பில் இல்லாமல் ஒரு ரூபாயும் வேண்டாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, நான் இன்று புகார் போடப்போகிறேன். காட்டுவதற்கு அந்தப் பேனாத் தாளும் யு.பி.ஐ. பதிவும்தான் இருக்கின்றன.

பிழைக்கிற மாதிரி இருந்த நாலு கத்தரியை அம்மா பழைய பெயின்ட் வாளியில் நட்டிருக்கிறார். வாளிக்கு மண்? பக்கத்துக் காலி மனையிலிருந்து அவரே முறத்தில் வாரிவந்தது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அவர்களின் புது விளம்பரம் என் போனில் வருகிறது. 'ஆவணிச் சலுகை, ஆறு பாத்தி.' படத்தில் இருப்பது எங்கள் மாடி. பாத்திக்குப் பின்னால் கொடியில் அம்மாவின் மயில்கழுத்து நிறச் சேலை காய்கிறது. கீழே நாற்பத்திரண்டு பேர் விலை கேட்டிருக்கிறார்கள். அம்மாவிடம் இன்னும் காட்டவில்லை.