கிராம்பு எண்ணெய்: கூன் மீனுக்காக வாங்குவதற்கு முன்

பல்வலிக்குப் பஞ்சில் நனைத்து வைக்கிற அதே கிராம்பு எண்ணெயைத்தான் வண்ணமீன் வளர்ப்பவர்கள் கருணைக்கொலைக்கும் வாங்குகிறார்கள். கும்பகோணம், தஞ்சாவூர், மயிலாடுதுறை என்று எந்த ஊர் நாட்டு மருந்துக் கடையில் கேட்டாலும் எடுத்துக் கொடுப்பார்கள். மருந்துக் கடையில் சின்ன சீசாவாகக் கிடைக்கும். சீட்டு வேண்டாம், எதற்கு என்று யாரும் கேட்கவும் மாட்டார்கள். இந்தச் சுலபமே இதன் முதல் குறை. கவரில் வந்த கப்பி மீன்களில் ஒன்றுக்கு முதுகு வளைந்திருக்கிறது என்று அன்று சாயங்காலமே சீசாவைத் திறந்துவிடுகிறார்கள். அதனால் எண்ணெயின் தரத்துக்குப் போகுமுன், அது தேவைப்படாத மீன்களை முதலில் ஒதுக்கிவிடலாம்.

கூனில் இரண்டு வகை: பிறவிக் கூன், வந்த கூன். குஞ்சிலேயே வளைந்து அப்படியே வளர்ந்த மீனுக்கு அந்த உடம்புதான் உடம்பு. வேறு மாதிரி நீந்தி அதற்குத் தெரியாது. நேராக இருந்த பெரிய மீன் சில வாரத்தில் வளைந்தால் அது வேறு கதை. கடைத் தொட்டியில் பார்த்து எது எது என்று சொல்ல ஒரு வழி உண்டு. மீனை மேலிருந்து பாருங்கள். தலைக்குப் பின்னால் தோள் மாதிரிச் சதை திரண்டு, வயிறு நிறைந்திருந்தால் பெரும்பாலும் பிறவிக் கூன். தலை மட்டும் பெரிதாக, உடம்பு கத்தி அலகு போல ஒடுங்கி, வயிறு உள்வாங்கியிருந்தால் மீன் காசநோயைச் சந்தேகிக்க வேண்டும். நியான் டெட்ராவில் நிறம் வெளுத்துக்கொண்டே முதுகு வளைவது, தசையைத் தின்னும் நுண் ஒட்டுண்ணியால். அதற்கு மருந்து கிடையாது. ஒன்றிலிருந்து மற்றதற்குப் பரவும்.

பிறவிக் கூனுக்குக் காரணம் பலசமயம் கடையில்கூட இருக்காது, அதற்கு முன்னால் இருக்கும். ஒரே தொட்டிக் கப்பிகளைத் தலைமுறை தலைமுறையாகத் தங்களுக்குள்ளேயே இனப்பெருக்கம் செய்யவிட்டால் வளைந்த குஞ்சு வரத்தான் செய்யும். இன்னொரு காரணம் தீனி. பெரும்பாலான மீன்கள் தங்கள் உடம்பில் வைட்டமின் சி செய்துகொள்வதில்லை, தீனியில்தான் வரவேண்டும். அது குறைந்தால் வளரும் குஞ்சின் முதுகெலும்பு வளையும். அந்த வைட்டமினோ சூட்டிலும் ஈரத்திலும் சீக்கிரம் வீணாகும். பெரிய மூட்டையைப் பிரித்து, பாலித்தீன் கவரில் எடைபோட்டு, வெயில் படும் கம்பியில் தொங்கவிட்ட சில்லறைத் தீனியில் அது எவ்வளவு மிச்சமிருக்கும்? குஞ்சு வளர்ப்பவர்கள் மூடிபோட்ட சின்ன டப்பாவாக வாங்கி, திறந்தபின் இரண்டு மாதத்துக்குள் தீர்ப்பது நல்லது. வளைந்துவிட்ட எலும்பு நல்ல தீனிக்கு நேராகாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இடையில் ஒன்று. முதுகெலும்பு நெருங்கிக் குட்டையான மோலிக்கு ‘பலூன்’ என்று பெயர் வைத்துக் கூடுதல் விலைக்கு விற்கிறார்கள். வாயைச் சரியாக மூடவே முடியாத பேரட் மீன் வரவேற்பறையின் பெருமை. அதே வளைவு சாதா கப்பிக்கு வந்தால் மட்டும் ‘கழிவு’. தோற்றத்தை வைத்து முடிவெடுப்பதன் லட்சணம் இதுதான்.

முடிவுக்கு 14 நாள் கொடுங்கள். தனித் தொட்டியில் போட்டு, தானாக இரை எடுக்கிறதா, போக நினைத்த இடத்துக்குப் போய்ச் சேர்கிறதா, ஓரிடத்தில் அலையாமல் நின்று ஓய்வெடுக்கிறதா என்று பாருங்கள். கோணலாக நீந்துவது குற்றமில்லை. நீந்தாமல் நின்றால் மூழ்குகிறது, மூழ்காமலிருக்க ஓயாமல் துடுப்படிக்கிறது என்றால் அது களைத்தே மெலியும். ஒரு துடுப்பு இல்லாத மீன், ஒரு கண் இல்லாத மீன், லேசாக முதுகு வளைந்த மீன் எல்லாம் சாதாரணமாக வாழும். செவுள் மூடி குட்டையாகப் பிறந்து சிவப்பாகச் செவுள் தெரியும் மீனும் நல்ல தண்ணீரில் வாழும். ஆனால் சித்திரை வெயிலில் தொட்டித் தண்ணீர் சூடேறி, கரண்டும் போய் ஏர் பம்ப் நின்றால் முதலில் மூச்சு வாங்குவது அதுதான். அதை எடுத்து வளர்ப்பவர் பேட்டரியில் ஓடும் பம்ப் ஒன்று வாங்கி வைக்கட்டும்.

தங்கமீன் தலைகீழாக மிதந்தால் அதை ஊனக் கணக்கில் சேர்க்கவேண்டாம். 2, 3 நாள் பட்டினி போட்டு, வேகவைத்துத் தோல் உரித்த பச்சைப் பட்டாணியில் மிளகளவு கொடுத்து, தண்ணீரில் கால்வாசி மாற்றிப் பார்த்துவிட்டு அப்புறம் பேசலாம். பாதிப்பேர் இந்த இடத்திலேயே சீசாவை அலமாரியில் திருப்பி வைத்துவிடுவார்கள்.

வளர்ப்பதென்றால் தொட்டியை மீனுக்கு ஏற்றபடி மாற்ற வேண்டும். உயரமான தொட்டியில் பாதிக்குமேல் தண்ணீர் வேண்டாம். 15 முதல் 20 செண்டிமீட்டர் ஆழம் போதும், மேலே வந்து இரை எடுக்கச் சிரமப்படாது. தண்ணீரைத் தள்ளுகிற பவர் பில்டரை எடுத்துவிட்டு ஸ்பாஞ்சு பில்டர் போடுங்கள். வயிற்றால் ஊர்கிற மீனுக்குக் கூழாங்கல் எதிரி. வயிறு உரசிப் புண்ணாகி, புண்ணில் பூஞ்சை வரும். தரை வெறுமையாகவே இருக்கட்டும். ஒரு கப்பிக்கு 20 லிட்டர் தாராளம். தங்கமீனுக்கு அது பத்தாது, 60க்குக் குறையாமல் பாருங்கள். ஆணையும் பெண்ணையும் சேர்த்து விடாதீர்கள். கப்பி, மோலிப் பெண் மீன் ஒருமுறை சேர்ந்த ஆணின் விந்தை உள்ளே வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் குட்டி போடும். அதனால் பெண்ணைத் தனியாக வாங்கினாலும் குட்டி வரலாம்.

எண்ணெய் தேவைப்படும் மீன் எது என்றால்: இரையை வாயில் எடுத்துத் துப்பிக்கொண்டே மெலிகிற கோணல்வாய்க் குஞ்சு, தரையில் பக்கவாட்டில் கிடந்து செவுளை மட்டும் அசைக்கும் மீன், உடம்பு ஊதிச் செதில்கள் அன்னாசிப்பழம் போலச் சிலிர்த்த மீன், ஆறாத புண்ணோடு இரையை விட்டுப் பத்து நாள் தாண்டிய மீன். காசநோய்ச் சந்தேகம் உள்ளதும் இந்தப் பட்டியல்தான். அது மனிதர் கையிலும் ஆறாத கட்டியாக வரும். கையில் வெட்டுக்காயம் இருந்தால் கையுறை போடாமல் அந்தத் தொட்டியில் கை விடக்கூடாது. டியூபை வாயால் உறிஞ்சித் தண்ணீர் இறைக்கும் பழக்கத்தை எல்லாத் தொட்டிக்குமே விட்டுவிடுங்கள்.

இனி எண்ணெய். கடையில் மூன்று ரூபத்தில் வருகிறது. மருந்துக் கடைச் சீசாவில் ‘கிராம்பு எண்ணெய்’ மட்டும் எழுதியிருந்தால் வாங்கலாம். ‘பல்வலிச் சொட்டு’ என்பது வேறு. கற்பூரம், ஓமச்சத்து எல்லாம் கலந்திருக்கும், மீனுக்கு ஆகாது. நாட்டு மருந்துக் கடையில் பெரிய பாட்டிலிலிருந்து ஊற்றிக் கொடுப்பது அசலாகவும் இருக்கும், பாதி வேறு எண்ணெயாகவும் இருக்கும். விலையை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. மொட்டிலிருந்து வடித்தது விலை கூடும், இலையிலிருந்து வடித்தது குறையும், ஆனால் மீனை மயக்குகிற சத்தான யூஜினால் இரண்டிலும் நிறைய உண்டு. மீனுக்கு இலை எண்ணெயே போதும்.

கலப்படம் பார்க்க வீட்டிலேயே சோதனை இருக்கிறது. கண்ணாடி டம்ளரில் தண்ணீர் எடுத்து ஒரு சொட்டு விட்டு, குச்சியால் கீழே அமுக்குங்கள். கிராம்பு எண்ணெய் தண்ணீரைவிடக் கனமானது. சின்ன மஞ்சள் முத்தாக உருண்டு அடியில் போய் உட்காரும். நல்லெண்ணெயோ தேங்காயெண்ணெயோ கணிசமாகக் கலந்திருந்தால் அமுக்க அமுக்க மேலே வந்து படலமாகப் பரவும். சந்தேகமிருந்தால் வெள்ளைத்தாளில் ஒரு சொட்டு விட்டு ஓரிரு நாள் காயவிடுங்கள். பஜ்ஜி சுற்றிவந்த காகிதம் போல எண்ணெய்க் கறை கண்ணாடியாக நின்றால் அந்தச் சீசா பல்லுக்கும் உதவாது, மீனுக்கும் உதவாது.

அளவுக்குச் சொட்டுக் கணக்கை நம்பாதீர்கள். சொட்டு மூடிக்குச் சொட்டு மூடி அளவு மாறும். ஊசியில்லாத 2 மில்லி சிரிஞ்ச் ஒன்று போதும். அகலமான எவர்சில்வர் பாத்திரத்தில் மீன் இருந்த தொட்டித் தண்ணீரையே 2 லிட்டர் எடுத்து, ஏர் பம்ப் குழாய் முனையில் மாட்டிக் குமிழி விடும் ஏர் ஸ்டோன் ஒன்றை மெதுவாக ஓடவிடுங்கள். எண்ணெயை நேராக விடக்கூடாது. மூடி இறுகிய சின்னக் கண்ணாடிப் பாட்டிலில் வெதுவெதுப்பான தண்ணீர் 100 மில்லி ஊற்றி, 0.2 மில்லி எண்ணெய் சேர்த்து, நீர்மோர் நிறம் வரும்வரை ஒரு நிமிடம் குலுக்கி, உடனே பாத்திரத்தில் பரவலாக ஊற்றிக் கலக்குங்கள். பிறகு மீனை விடுங்கள். சில நிமிடத்தில் நடை தள்ளாடி, பக்கவாட்டில் சாயும். இது மயக்கம் மட்டும்தான். மனம் மாறினால் இப்போதே நல்ல தண்ணீருக்கு மாற்றினால் எழுந்துகொள்ளும்.

வாலடியை விரலால் லேசாகக் கிள்ளியும் அசைவில்லை என்றால், இன்னும் 1 மில்லி எண்ணெயை அதேபோலத் தண்ணீரில் குலுக்கி ஊற்றுங்கள். கலப்படச் சந்தேகம் இருந்தால் 2 மில்லி. கொஞ்ச நேரத்தில் செவுள் அசைவு நிற்கும். நின்றதும் எடுத்துவிடுவதுதான் எல்லோரும் செய்கிற தப்பு. செவுள் நின்றபிறகும் இதயம் துடித்துக்கொண்டிருக்கும். அரைமணி நேரம் அப்படியே விடவேண்டும், தங்கமீனுக்கு ஒரு மணி நேரம். குறைந்த ஆக்சிஜனைத் தாங்குவதில் தங்கமீன் கெட்டி. அவசரப்பட்டு மண்ணில் புதைத்த மீன் மயக்கம் தெளியக்கூடும், அதைவிடக் கொடுமை வேண்டுமா?

மற்ற தோல்விகளும் பெரும்பாலும் குலுக்காததால் வருபவை. குலுக்காமல் விட்டால் எண்ணெய் உருண்டையாக அடியில் கிடக்கும், மீன் அதில் மோதித் துள்ளும், தண்ணீரிலோ மருந்து இருக்காது. எடுத்த எடுப்பில் முழு அளவையும் கொட்டினாலும் மீன் திமிறும்; இரண்டு தவணையாக ஊற்றச் சொல்வது அதற்காகத்தான். தெர்மாகோல் பெட்டி, பிளாஸ்டிக் டம்ளர் வேண்டாம், எண்ணெய் அவற்றைக் கரைக்கும்.

மாற்று வழிகள் என்று காதில் விழுபவற்றில் எதுவும் இதற்கு ஈடில்லை. ப்ரீசரில் வைத்தால் தங்கமீன் மெதுவாக உறைந்து சாகும். கக்கூசில் ஊற்றித் தண்ணீர் திறப்பதும், கரையில் போட்டுவிடுவதும் கொலை மட்டும்தான், கருணை அதில் இல்லை.

மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்ததும் ‘பிழைத்துப் போகட்டும்’ என்று விட்டுவருவது இவை எல்லாவற்றையும்விடத் தப்பு. கூன் மீன் கொக்குக்கும் விராலுக்கும் இரையாகும். அது கொண்டுபோகிற நோய் இங்கிருக்கிற கெண்டைக்கும் கெளுத்திக்கும் போகும். தொட்டி சுத்தம் செய்ய வாங்கிய சக்கர் மீன் தமிழ்நாட்டு ஏரி குளங்களில் எப்படிப் பெருகிவிட்டது என்று வலை போடுகிறவரைக் கேட்டால் சொல்வார். கோயில் குளமும் இதில் சேர்த்தி.

செத்த மீனைக் காக்கைக்கோ பூனைக்கோ போடாமல் ஓரடி ஆழத்தில் புதையுங்கள். எண்ணெய்த் தண்ணீரைச் சாக்கடையிலோ வாய்க்காலிலோ கொட்டாமல் மண்தரையில் ஊற்றுங்கள். பாத்திரத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி வெயிலில் வாசம் போகும்வரை வைத்தாலும், மீனுக்குத் திரும்பப் பயன்படுத்த வேண்டாம்.

பொருளாகப் பார்த்தால் 10 மில்லி சீசா 2 லிட்டர் கணக்கில் எட்டு முறைக்கு வரும். ஆஸ்கர் போன்ற பெரிய மீனுக்கு 10 லிட்டர் தண்ணீர் வேண்டும், ஒரே தடவையில் 6 மில்லி போய்விடும். வேலையை ஒழுங்காகச் செய்கிறது; குறை எல்லாம் சீசாவில். ரப்பர் தலை வைத்த சொட்டுமூடியை எண்ணெயோடு விட்டால் ரப்பர் உப்பிப் பிசுபிசுத்துப்போகும். சிரிஞ்சின் பிஸ்டனும் இப்படித்தான் சிக்கும், ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடுங்கள். சாதா திருகுமூடி போட்ட பழுப்புச் சீசாவாகக் கேட்டு வாங்கி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். எண்ணெய் வெளிர் மஞ்சளிலிருந்து பழுப்பாக மாறுவது இயல்பு, பயப்படவேண்டாம். விழுங்கினால் குழந்தைக்கு ஆபத்து. சீசாவின் மேல் ‘மீனுக்கு’ என்று தடித்த எழுத்தில் ஒட்டி, பல்வலி மருந்து இருக்கும் தட்டிலிருந்து தள்ளி, எட்டாத உயரத்தில் வையுங்கள்.