தேர்ச்சி விழுக்காடா, வாசிப்பா?

சிற்றூர் அரசுப் பள்ளியை எதை வைத்து எடைபோடுவது? மே மாதம் வந்தால் எல்லோர் கண்ணும் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விழுக்காட்டின் மேல்தான். அரசே வெளியிடுகிறது, பக்கத்து ஊரோடு ஒப்பிடவும் எளிது. ஆனால் எட்டுப் பேர் தேர்வெழுதும் பள்ளியில் ஒருவர் தவறினாலே 87.5 விழுக்காடு. மறு ஆண்டு யாரும் தவறாவிட்டால் 100. அதே ஆசிரியர்கள், அதே கற்பித்தல். செய்தியில் மட்டும் 'சாதனை'! பாடத்துக்குப் பாடம் 35 மதிப்பெண் வாங்கியவரும் 95 வாங்கியவரும் அந்தக் கணக்கில் ஒன்றே.

மற்றொரு வழி, பிள்ளையின் கையில் ஒரு பத்தியைக் கொடுத்து வாசிக்கச் சொல்வது. 2005இல் தொடங்கிய 'அசர்' (ASER, கல்வி நிலை பற்றிய ஆண்டறிக்கை) ஆய்வில் கிராமத்து வீடுகளுக்கே போய் இப்படித்தான் பார்க்கிறார்கள்: இரண்டாம் வகுப்பு அளவிலான பத்தி, பிறகு கழித்தல், வகுத்தல். பதாகையில் அச்சிட்டு மாட்ட இதில் ஒன்றும் தேறாது. ஆனால் குறை மூன்றாம் வகுப்பிலேயே தெரிந்துவிடும். சரிசெய்யப் பொதுத்தேர்வுக்கு முன் ஏழு ஆண்டுகள் இருக்கின்றன. என் வாக்கு இதற்கே. பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர் முதலில் கேட்க வேண்டியது, மூன்றாம் வகுப்பில் எத்தனை பேர் தடுமாறாமல் வாசிக்கிறார்கள் என்பதைத்தான்.