வாரண்டி முடிந்த காரில் ஓயாத ஏசி கோளாறு: சென்னையில் யாரிடம் கொடுப்பது?

சித்திரை வெயிலில் கத்திப்பாரா நெரிசலில் நிற்கும்போது கார் ஏசி வெறுங்காற்றை ஊதத் தொடங்கினால், நம்மில் பெரும்பாலோர் அடுத்த நாளே கேஸ் நிரப்பிக்கொண்டு வந்துவிடுகிறோம். சில வாரங்கள் குளிர்கிறது, பிறகு பழைய நிலைக்கே திரும்புகிறது. வாரண்டி இருந்தவரை அலைச்சல் மட்டும்தான் நம்முடையது. அது முடிந்தபின் ஒவ்வொரு முறையும் பில்லும் நம் தலையில் விழுகிறது.

ஏசி கேஸ் பெட்ரோலைப் போல எரிந்து தீரும் பொருள் அல்ல. மூடிய குழாய்களுக்குள் சுற்றிவரும் அது, சிறிய கார்களில் ஏறத்தாழ அரைக் கிலோ அளவே இருக்கும். ரப்பர் குழாய்களின் வழியே மிகச் சிறிதளவு வெளியேறுவது இயல்புதான் என்றாலும், அதனால் குளிர்ச்சி குறைய ஆண்டுகள் ஆகும். சில மாதங்களிலேயே கேஸ் குறைந்தால் எங்கோ கசிவு இருக்கிறது என்பதில் ஐயமில்லை. ஆகவே, யார் மலிவாக நிரப்புவார்கள் என்பதைவிட, யார் கசிவைக் கண்டுபிடித்து அதற்குப் பொறுப்பேற்பார்கள் என்பதை வைத்தே பணிமனைகளை ஒப்பிட வேண்டும்.

நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டரில் வண்டியின் முழு வரலாறும் கணினியில் இருக்கும். அசல் பாகம், அந்த மாடலுக்கே உரிய ஸ்கேனர், முறையான ஜிஎஸ்டி பில், மாற்றிய பாகத்துக்கு எழுத்துப்பூர்வமான வாரண்டி ஆகியவை அங்கே கிடைக்கும். குறை என்னவென்றால், நாம் பேசுவது சர்வீஸ் அட்வைசரிடம். வண்டியைத் தொடுபவர் வேறொருவர். நாம் சொல்வது, வண்டியின் குறையைக் குறித்துக்கொள்ளும் ஜாப் கார்டில் இரண்டு சொற்களாகச் சுருங்கி உள்ளே போகிறது. தவிரவும், ஸ்கேனர் அழுத்தம் குறைந்திருப்பதைக் காட்டுமே ஒழிய, கசியும் இடத்தைக் காட்டாது. எங்கள் வண்டிக்கு ஒரு சர்வீஸ் சென்டரில் கேஸின் வெப்பத்தை வெளியேற்றும் முன்புறக் கன்டென்சரை மாற்றிக் கொடுத்தார்கள். உப்புக் காற்றும் கல்லடியும் படும் பாகம் என்பதால் அந்த ஊகத்தில் நியாயம் இருந்தது, ஆனால் கசிவு, டேஷ்போர்டுக்குப் பின்னால் உள்வரும் காற்றைக் குளிரவைக்கும் கூலிங் காயிலில். சோதிக்காமல் ஊகித்து மாற்றியதற்கும் பில் வந்தது என்பதுதான் இன்றுவரை எனக்கு ஆறாத விஷயம்.

இருப்பினும், வேறு எங்கும் கிடைக்காத ஒரு வாய்ப்பு இவர்களிடம் உண்டு. வாரண்டிக் காலத்திலேயே அதே கோளாறு ஜாப் கார்டுகளில் பதிவாகியிருந்தால், வாரண்டி முடிந்தபின்னும் பாகத்தின் விலையை முழுதாகவோ ஒரு பகுதியாகவோ நிறுவனம் ஏற்க வேண்டும் என்று கேட்கலாம். இதை ‘குட்வில்’ என்பார்கள். இது நிறுவனத்தின் விருப்பத்தைப் பொறுத்தது, உரிமையாகக் கோர முடியாது. கேட்காதவருக்குப் பெரும்பாலும் கிடைப்பதும் இல்லை. சர்வீஸ் மேனேஜரிடம் வாயால் சொல்வதோடு நிற்காமல், பழைய ஜாப் கார்டுகளின் நகலோடு நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவுக்கே மின்னஞ்சல் அனுப்ப வேண்டும். ‘பொது பரிசோதனை’ என்று எழுதப்பட்ட ஜாப் கார்டால் இங்கே பயன் இல்லை. ‘கேஸ் நிரப்பிய சில வாரங்களில் மீண்டும் குளிர்ச்சி இல்லை’ என்று எழுதச் சொல்லி, படித்துப் பார்த்த பிறகே கையெழுத்திட வேண்டும். வாரண்டி இன்னும் முடியாதவர்கள் இதை இப்போதே செய்யலாம்.

அடுத்த வழி, கார் ஏசி வேலை மட்டுமே பார்க்கும் தனி மெக்கானிக். புதுப்பேட்டை, ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு வட்டாரத்திலும் நகரின் பிற பகுதிகளிலும் இப்படிப்பட்ட கடைகள் உண்டு. நல்ல கடை எது என்பதைச் சோதிக்கும் முறையிலேயே கண்டுகொள்ளலாம். மீதமுள்ள கேஸை எடுத்துவிட்டு, குழாய்களில் நைட்ரஜனை அழுத்தத்தில் ஏற்றி, மீட்டர் முள் இறங்குகிறதா என்று பொறுமையாகக் காத்திருப்பார். ஒவ்வோர் இணைப்பிலும் சோப்பு நுரையைத் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பார். வெளியே குமிழி எதுவும் இல்லாமல் முள் மட்டும் இறங்கினால் சந்தேகம் கூலிங் காயில் மேல் திரும்பும். தண்ணீர் சொட்டும் வடிகுழாயின் முனையில் எண்ணெய்ப் பசை தென்பட்டால் அந்தச் சந்தேகம் வலுக்கும், ஏனெனில் கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரஸரின் எண்ணெயும் கேஸோடு சேர்ந்தே கசியும். வாகன உரிமையாளர் பக்கத்திலேயே நின்று இவற்றையெல்லாம் கண்ணால் பார்க்க முடிவது இக்கடைகளின் பெரிய பலம்.

ஆபத்தும் இங்கே உண்டு. கூலிங் காயிலை மாற்றப் பல கார்களில் டேஷ்போர்டை இறக்க வேண்டும். ஏர்பேக் இணைப்புகளைக் கழற்றுவதற்கு முன் பேட்டரியைத் துண்டிக்கும் ஒழுங்கு இல்லாத கையில் அந்த வேலையைக் கொடுக்கக் கூடாது. கிளிப்புகள் உடைந்தால் பிறகு சாலைப் பள்ளம்தோறும் டேஷ்போர்டு கடகடக்கும். வாரண்டி பல கடைகளில் வாய்ச்சொல்லாகவே இருக்கிறது.

எல்லா நிறுவனக் கார்களையும் பார்க்கும் மல்டி பிராண்ட் பணிமனைகள் ஆயில் மாற்றுதல், பிரேக் போன்ற வழக்கமான வேலைகளுக்கு ஏற்றவை. திரும்பத் திரும்ப வரும் ஏசி கோளாறுக்கு அவற்றை நான் முதலில் நாட மாட்டேன். அங்கே தேர்ந்த ஏசி ஆள் இருக்கிறாரா என்பது கிளைக்குக் கிளை மாறும்.

செலவைக் குறைக்கப் புதுப்பேட்டையில் பழைய பாகம் வாங்கலாமா என்ற கேள்வியும் எழும். கதவுக் கைப்பிடி, பக்கக் கண்ணாடி போன்றவற்றுக்குத் தாராளமாக வாங்கலாம். கூலிங் காயிலை மட்டும் பழையதாக வாங்கவே கூடாது. அந்த வேலையில் பல நேரம் பாகத்தின் விலையைவிடக் கழற்றி மாட்டும் கூலியே கனக்கும், பழைய காயில் மீண்டும் கசிந்தால் அந்தக் கூலி முழுதும் வீண்.

என் முடிவு இது: கண்டுபிடிப்பதையும் சரிசெய்வதையும் இரண்டு வேலைகளாகப் பிரித்துவிட வேண்டும். முதலில் ஏசி மெக்கானிக்கிடம் சோதனைக்கு மட்டும் பணம் கொடுத்து, கசிவு எங்கே என்று எழுதி வாங்க வேண்டும். அந்தச் சீட்டோடும் பழைய ஜாப் கார்டுகளோடும் நிறுவனத்திடம் குட்வில் கேட்க வேண்டும். அவர்கள் மறுத்தால், ஒரே வேலைப் பட்டியலுக்கு இரண்டு இடங்களிலும் மதிப்பீடு வாங்க வேண்டும்: புதிய காயில், ஈரத்தை உறிஞ்சும் டிரையர், இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையங்களான ஓ ரிங்குகள், குழாய்களில் உள்ள காற்றை உறிஞ்சி எடுக்கும் வேக்குவம், எடை போட்டு நிரப்பும் கேஸ். இவற்றில் ஒன்று விடுபட்டாலும் அந்த மதிப்பீடு மலிவாகத் தோன்றும். ஏர்பேக்குகளும் தொடுதிரையும் நிறைந்த புதிய வண்டியானால், கூடுதல் செலவானாலும் அங்கீகாரம் பெற்ற இடத்திலேயே டேஷ்போர்டை இறக்கச் சொல்வேன். எளிமையான பழைய வண்டிக்குத் தேர்ந்த மெக்கானிக்கே போதும்.

வாரண்டி முடிந்தாலும், காசு வாங்கிச் செய்த பழுதுபார்ப்பு தனியொரு சேவை. அதில் குறை இருந்தால் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வழக்குக்கான காரணம் எழுந்த இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் தரலாம். சென்னையில் வடக்கு, தெற்கு என மாவட்ட நுகர்வோர் ஆணையங்கள் உள்ளன. குடியிருக்கும் பகுதிக்குரிய ஆணையத்திலேயே மனு கொடுக்க அச்சட்டம் இடம் தருகிறது. அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்து, நிறுவனத்தின் பதிலைக் கேட்டுப் பார்க்கலாம். ஆணையத்துக்குப் போனால் பில்லும் ஜாப் கார்டும் கேட்பார்கள். எனவே எந்தக் கடையானாலும் கழற்றிய பாகத்தைக் கேட்டு வாங்கி, கசிந்த இடத்தைப் படமெடுத்து, பில்லில் அந்தப் பாகத்தின் எண்ணை எழுதச் சொல்லிவிட்டுப் பணத்தைக் கட்டுங்கள்.